யாரோ எடுத்த போன்

உப்பளம் ஸ்டாப்பில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் புரோகிராம் புத்தகம் ஒன்றைப் பிரித்தார்கள். ஜன்னலோரப் பெண் சொன்னதில் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"யாரு கூப்பிட்டாங்க, என்ன குடுத்தாங்க, எல்லாம் அட்வைஸுக்குத் தெரியும்டி. புரோகிராம்ல வேலையைச் செய்யற மெதடுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

"மெதடைத்தான கூப்பிடறாங்க?"

"ஆனா அதைக் கூப்பிடற எடத்துல, அதான் ஜாயின் பாயிண்ட்ல, அட்வைஸ்ங்கிற இன்னொரு புரோகிராம் துண்டு வாசல்காரன் மாதிரி நிக்குது. அது உள்ள விட்டாதான் மெதட் ஓடும். விடாம அதுவே ஒரு பதில் குடுத்து அனுப்பிடலாம். கூப்பிட்டவங்க, மெதட்தான் சொல்லுச்சுன்னு நினைச்சுக்குவாங்க."

பக்கத்துப் பெண் புத்தகத்தை மூடினாள்.

"சென்னை கம்பெனிலேருந்து உனக்கு இன்டர்வியூ போனே வரலன்னு சொன்னல்ல?"

"ஆமா. அதான் மறுபடி படிக்கிறேன்."

"நேத்து நான் அங்க இன்டர்வியூக்குப் போனப்ப உனக்காக விசாரிச்சேன். உங்க வீட்டு நம்பருக்குப் பண்ணாங்களாம். உனக்கு வெளியூர் வேலை வேணாம், நீயே சொல்லச் சொன்னன்னு யாரோ ஆம்பள சொன்னாராம்."

பஸ் குருசுக்குப்பத்தில் நின்றபோது ஜன்னலோரப் பெண் கேட்டாள்:

"அப்பா குரலா, அண்ணன் குரலா?"

"அவங்களுக்கு எப்படிடி தெரியும்?"

ஜன்னலோரப் பெண் வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"அண்ணனா இருந்தா தேவலை."