பின்னால் யாரும் இல்லை

...மன அமைதிக்குப் பியானோ இசை என்று இவ்வளவு நேரம் பேசினார்கள். மூன்று டாக்டர்கள். எல்லாரும் படித்தவர்கள். நான் படித்ததெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த புத்தகங்கள்தான். அதனால் என்னைக் கடைசியில் கூப்பிட்டு, "சீக்கிரம் முடிங்க" என்கிறார்கள். முடிக்க மாட்டேன். ஒரே ஒரு கதை, கையளவுக் கதை... கேட்டுவிட்டுப் போங்கள்.

என் சகலை பெருமாள்சாமி. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருபத்தாறு வருடம் கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டவர். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். "வா... வா... ஒடிச்சு வா... போதும்!" என்பார். காரின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் வண்டி சரியாக நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அவருக்கு இடது கண் முன்பே போய்விட்டது. இருந்த வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. "உடனே ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா இதுவும் போயிரும்" என்றார் கண் டாக்டர். ஆனால் பிரஷர் ஏறியிருந்தால் கத்தி வைக்க மாட்டார்கள். அதற்காகத்தான் அந்த ஆஸ்பத்திரியில், காத்திருக்கிற அறையில் பியானோ இசை. மெத்தென்று... சொட்டுச் சொட்டாக...

வீட்டில் பார்த்தால் நூற்றி நாற்பது. அந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால்... நூற்றித் தொண்ணூறு! திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் விடுவேனா? "இந்த மியூசிக்தான் காரணம், நிறுத்துங்க" என்றேன். சிஸ்டர் ஜெபராணி சிரித்தார்.

"தாத்தா, இது மனசை அமைதியாக்குற மியூசிக். ஆராய்ச்சி பண்ணித்தான் வெச்சிருக்காங்க."

"யாரை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க? இவரை வெச்சா?"

"தாத்தா... நீங்க வெளிய உக்காருங்க."

வெளியே உட்கார வைத்தார்கள், ஐயா! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது தடவை போனபோது சண்டை போட்டு இசையை நிறுத்த வைத்தேன். பாதியில், பட்டென்று நின்றது. பிரஷர் பார்த்தால்... இருநூறு! சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "இன்னொரு தடவை பாப்போம். அப்பவும் ஏறியிருந்தா மதுரைக்கு எழுதிக் குடுத்துடுவோம்" என்றார் டாக்டர். "அதுக்குள்ள கண்ணு தாங்குமா?" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்றாவது தடவை சகலை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போகச் சொன்னார்கள். போகவில்லை. இசை ஆரம்பித்தது. சகலை என் கையைப் பிடித்தார்.

"சகலை... பின்னால யாரும் நிக்கிறாங்களா?"

"எதுக்குப் பின்னால?"

"வண்டி ரிவர்ஸ் வர்ற சத்தம்ல இது?"

"யோவ், இது ஆஸ்பத்திரி!"

"தெரியுது சகலை. உடம்பு கேக்கலையே... போன தடவை பட்டுனு நின்னப்ப, இடிச்சிருச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் பின்னால் வரும்போது டிங் டிங்கென்று ஒரு இசை வருமே, உங்கள் தெருவில் கேட்டதில்லையா? அதுவும் இந்தப் பியானோவும் அக்காள் தங்கச்சி! ஒருநாள் மண்டபத்தில், அந்த இசையோடு வந்த காருக்குப் பின்னால் மூன்று வயதுப் பாப்பா ஒன்று குந்தி உட்கார்ந்து ரோஜா இதழ் பொறுக்கிக்கொண்டிருந்தது. சகலை பாய்ந்து காரை இரண்டு கையாலும் அறைந்து நிறுத்தினார். சக்கரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு சாண். அன்றிலிருந்து அந்த இசை காதில் விழுந்தால் அவர் கண் பின்பக்கம் ஓடும். இப்போது கண் தெரியவில்லை. வண்டியோ அரை மணி நேரமாக நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது... பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்?

"அட கிறுக்கா, வண்டி எதுவும் இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எழுந்தேன். அவருக்குப் பின்னால் சுவர் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

"யாரும் இல்ல, சகலை. நல்லாப் பாத்துட்டேன்."

"சின்னப் பிள்ளைக?"

"இல்ல."

"குனிஞ்சு பாத்தீரா?"

முழங்கால் வலியோடு பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். "பாத்துட்டேன்யா! ஒரு செருப்புதான் கிடக்கு."

சகலை வலது கையைத் தூக்கினார். "வா... வா... ஒடிச்சு வா... போதும்!" பெஞ்சில் இரண்டு தட்டு.

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அந்தப் பெண் புத்திசாலி. அந்த நொடியே இசையை அணைத்துவிட்டார்.

சகலை ஒரு மூச்சு விட்டார் பாருங்கள்... மூன்று தடவையும் அடைத்துவைத்த மூச்சு! தோள் இறங்கியது. என் கையை விட்டார். சாய்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்தார். "தாத்தா... நூத்தி நாப்பத்தஞ்சு!"

மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் சகலை முதலில் என்னைத்தான் பார்த்தார். "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீரே" என்றார். அவ்வளவு தெளிவு!

இது பியானோவின் குற்றமா? இல்லை. நல்ல இசைதான், நானே கேட்கிறேன். ஆனால் பெரியோர்களே, தாய்மார்களே... உங்கள் வீட்டில் ஒருவர் மனம் பதறிக் கிடந்தால், எதையாவது பாடவிட்டு "அமைதியா இரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர் எதற்குக் காவல் நிற்கிறார் என்று கேளுங்கள். உங்கள் காதில் விழாத ஒரு வண்டி அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும். வண்டியே இல்லை என்று வாதாடாதீர்கள். எழுந்து போங்கள். அவருக்காக நீங்கள் குனிந்து பாருங்கள். "நான் பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். மாற்றுக்கு ஒரு ஆள் வந்தால்தானே காவல்காரன் கண்ணை மூடுவான்? அதற்குப் பிறகு பியானோ போடுங்கள், நாதஸ்வரம் போடுங்கள்... எதைப் போட்டாலும் இனிக்கும்.