வலன்ரைனின் மகளுக்கு வந்த காய்ச்சல்

எங்கள் கிணற்றில் இருப்பது நுளம்பின் குடம்பிப் புழுவைத் தின்னும் மீன். போன வருடம் நீங்கள்தான் கொண்டுவந்து விட்டீர்கள், கிருஷாந்தன் தம்பி. தாழ்வுபாடு ஊரிலேயே துப்புரவான வளவு இதுதான் என்று உங்கள் மலேரியாக் கந்தோரிலும் சொன்னீர்களாம்.

அடுத்த வீட்டு வலன்ரைனின் ஆறு வயது மகளின் இரத்தத்தில் அந்த ஒற்றைக் கல மலேரியாக் கிருமி எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். அது தானாக முளைக்காது. நோயுள்ள மனிதனின் ஈரலில் சத்தமில்லாமல் கிடந்து, இரத்தத்தில் இறங்கி, அவனைக் கடித்த நுளம்பின் வயிற்றில் பத்து நாள் வளர்ந்த பிறகுதான் அடுத்தவருக்குப் போகும் என்று படம் கீறிக் காட்டினீர்கள். அந்த மனிதனை எனக்குத் தெரியும். பிள்ளை பிழைத்துவிட்டது, அதனால் சொல்கிறேன்.

என் மகன் டிலோஜன். இந்தச் சித்திரையில் அவன் கனடா போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அவனை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொன்னான். நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். சுவாமியார் பீடத்தில் நின்று அறிவித்தார். ஊருக்கே சாப்பாடு போட்டேன். ஆவணியில் ஒரு மத்தியானம் அவன் பின்படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றான். கனடாவை அவன் கண்ணாலும் காணவில்லை. நாலு மாதம் ஆபிரிக்காவில் ஓர் அறையில் அடைத்து வைத்திருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஊர் காணாதபடி உள்ளறையில் இருத்தினேன். மூன்றாம் நாள் காய்ச்சல். ஒரு நாள் நடுங்குவான், மறுநாள் எழும்பிக் கஞ்சி குடிப்பான். அந்த மறுநாள்களைச் சுகம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

"அம்புறோஸ் ஐயா, வெளிநாட்டாலை ஆரும் வந்தவையோ? ஒரு சொட்டு இரத்தம் காணும். மருந்தும் கையோடை தாறன்."

"என்ரை மோன் ஏன் இப்ப வாறான்? அங்கை ஒரே பனியாம்."

"ஆவணியிலையோ? சரி, எனக்கும் ஒரு ஸ்பொன்சர் பண்ணச் சொல்லுங்கோ."

இருவரும் சிரித்தோம். நான் உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்றேன்.

அன்று பின்னேரம் அவன் கேட்டான்: "அப்பா, முருங்கன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது. வேறை பேர் சொல்லுறன்."

"ஞாயிறு திருநாள் முடியட்டும், மோனை."

இந்த வருடக் கோயில் திருநாள் எங்கள் குடும்பத்தின் பொறுப்பு. ஊர்வலத்தில் புனிதரின் சுருவக்கூட்டைச் சுமக்க நானும் தோள் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. செவ்வாய் காலை அவன் உயிர் போய்விட்டது.

நானே குளிப்பாட்டி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பின்வளவுப் பனைகளுக்குக் கிழக்கே புதைத்தேன். கனடாவில் வாகன விபத்து, உடலை அனுப்பமாட்டார்களாம் என்று ஊருக்குச் சொன்னேன். சவப்பெட்டியில்லாத பூசையில் எல்லோரும் அழுதார்கள். என் அழுகையும் பொய்யில்லை.

வாசல் வரை வந்த மருந்தை நான்தான் திருப்பி அனுப்பினேன். தோண்டுங்கள், மறிக்கமாட்டேன். நோயாளி எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் மட்டும் கனடா என்று எழுதுங்கள்.