உட்கார்ந்தால் சரி

— "2003 ஜூலை 9, புதன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கம்ப்யூட்டரின் பழைய பவர் சப்ளையைக் கழற்றும்போது நான்கு திருகையும் தரையிலேயே வைத்துவிட்டேன். இப்போது மூன்றுதான் இருக்கிறது. ஒரு மூடியில் போட்டு வைத்திருக்க வேண்டும்..."

— ஏத்தா வின்சி, பொட்டி செத்துக் கெடக்கு, நீ அதுக்குக் கருமாதிப் பத்திரிகை எழுதிக்கிட்டு இருக்கியா?

— எழுதி வெச்சாத்தான், ரத்தினவேல் அண்ணா, எனக்குக் கை ஓடும். இல்லன்னா செஞ்சேனா இல்லியான்னு சந்தேகமாவே இருக்கும்.

— மூணு திருகு பத்தும். நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் வரைஞ்ச படத்தோட நம்ம ஃபேக்டரி பெர்சனல் ஆபீஸ்ல நிக்கணும். படம் இந்தப் பொட்டிக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்கு.

— தெரியும்ணா. தெனமும் எங்க வூட்டுக்கு வந்து இடது கையில மவுஸைப் புடிச்சு நீங்க கோடு போட்டதை நான்தானே பாத்தேன்.

— வலது கையில மிச்சம் கட்டைவிரலும் சுண்டுவிரலும். அதை வச்சு என்னத்தப் பிடிக்க? படத்தைப் பாத்துட்டுத்தான் டிராயிங் செக்‌ஷன்ல சீட்டுன்னு சொல்லியிருக்காக. இல்லேன்னா சாத்தூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அங்கிட்டுத் தீப்பெட்டி ஒட்டலாம்னா அதுக்கும் பத்து விரலு வேணும்.

— அப்படிச் சொல்லாதீங்கண்ணா. புது சப்ளையை உள்ள வெச்சாச்சு. ஹார்டு டிஸ்க் ஒயரு மாட்டியாச்சு. இது போர்டுக்குப் போற பெரிய பிளக். இருங்க, பழசோட ஒரு தடவை ஒத்துப் பாத்துக்கறேன்.

— என்னத்த ஒத்துப் பாக்குறது? ஓட்டை எண்ணிக்கை சரியா இருக்கா?

— இருக்குது.

— கொக்கி?

— அதே பக்கந்தான்.

— பெறகென்ன? அமுக்கு. நான் தகடு அமுக்குற பிரஸ்ஸுல கம்பிக் கதவு இருக்குல்ல, அதைத் தொறந்தா மிஷினை நிறுத்துற சுவிட்சு கெட்டுப்போச்சு. மெயின்டனன்ஸ் ராமப்பன் நாலாம் லைன்ல சும்மா நின்ன மிஷின்ல இருந்து ஒண்ணைப் பிடுங்கியாந்தான். டீ ஆறுறதுக்குள்ள மாட்டிட்டான். "உக்காந்தா சரி, அஷ்டே, அவ்வளவுதான்"ன்னு தட்டிட்டுப் போயிட்டான். பிரஸ் ஷாப்புல அதுதான் வேதம். தப்பான டை அச்சு உக்காராது. உக்காந்துச்சுன்னா தப்பு இல்ல.

— இது கடையில பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டின பொட்டி இல்லண்ணா. கம்பெனியிலயே மொத்தமா செஞ்சு வந்தது. பெங்களூர் ஆபீஸ்ல கழிச்சதை எங்கண்ணன் யேசுராஜ் வாங்கியாந்தாரு. எனக்கு என்னமோ...

— உனக்கு எப்பவும் என்னமோதான். அமுக்குத்தா.

— அமுக்கிட்டேன். டக்குன்னு உக்காந்துச்சு.

— பாத்தியா? போடு சுவிட்சை.

— சேசுவே. போடறேன்.

— சுத்துது! ஃபேன் சுத்... என்ன, நின்னுருச்சு?

— வாசனை வருதுண்ணா.

— பிளக்கைப் பிடுங்கு! பிடுங்குத்தா!

— புடுங்கிட்டேன். போர்டுல புகை. இந்த மூலையே கருத்துப் போச்சு. போச்சுண்ணா.

— படம்?

— டிஸ்க்குக்குத் தனி ஒயரு. அது தப்பிச்சிருக்கும்னு நெனைக்கறேன். வேற பொட்டியில மாட்டினா படம் வரும். ஆனா நம்ம கம்ப்யூட்டர் கிளாஸ் நாளைக்குச் சாயங்காலந்தான் தொறப்பாங்க. சாவி முத்துமணி சார்கிட்ட. அவரு பர்கூர்ல.

— சாயங்காலம் வந்து என்னத்துக்கு? கண்ணு முழிச்சுப் போட்ட கோடெல்லாம் அந்தத் தகரத்துக்குள்ள.

— என்னாலதாண்ணா.

— விடு தாயி. அமுக்கச் சொன்னது நானு. படம் இல்லாட்டியும் கையெழுத்து இருக்குல்ல. அதைப் போட்டா கேட்டுல வாட்ச்மேன் வேலையாவது குடுப்பாக.

— என்னா கையெழுத்து?

— கதவு சுவிட்சை நான்தான் கம்பி போட்டு அமுக்கிக் கட்டி வச்சேன், என் கவனக்குறைவாலதான் விரல் போச்சுன்னு. படத்தோட அதையும் கேட்டாக.

— கட்டினீங்களா?

— எனக்கே தெரியலத்தா. தகடு சிக்கிக்கிச்சு. கதவைத் தொறந்தேன், கையை விட்டேன். தொறந்தா மிஷின் நிக்கணும். நிக்கல. அப்ப நீதான் கட்டியிருக்கணும்னு விசாரணையில திருப்பித் திருப்பிச் சொன்னாக. இப்பக் கண்ணை மூடுனா நான் கம்பி முறுக்குறது எனக்கே தெரியுது.

— அந்தப் பழைய பிளக்கை இப்படிக் குடுங்க.

— இனி அதை வச்சு?

— எங்க தப்புப் பண்ணேன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது. இருங்க... அண்ணா. இங்க பாருங்க. பழசுல இந்த ஓட்டையில கறுப்பு ஒயரு. புதுசுல அதே ஓட்டையில சிவப்பு. அடுத்ததும் மாறியிருக்குது. அதுக்கடுத்ததும்.

— மூஞ்சி ஒண்ணுதானே?

— மூஞ்சி ஒண்ணுதான், கொக்கியும் ஒண்ணுதான். பின்னால வர்ற ஒயரு வேற. இந்தப் பொட்டி செஞ்சவன் தனக்குன்னு மாத்திப் போட்டிருக்கறான். உக்காந்துச்சுண்ணா. ஆனா சரியில்ல.

— இருத்தா, இரு.

— அண்ணா? ஏன் கையைப் பாத்துக்கினு இருக்கீங்க?

— திருப்பிச் சொல்லு.

— உக்காந்துச்சு. ஆனா சரியில்ல.

— ராமப்பன் சுவிட்சு மாத்துனது என்னைக்குத் தெரியுமா? அன்னைக்குக் காலையில. மத்தியானம் விரல் போச்சு.

— நாலாம் லைன் மிஷின் வேற கம்பெனிக்காரன் செஞ்சதாச்சேண்ணா!

— வேறதான். பிளக்கு மூஞ்சி மட்டும் ஒண்ணு. பின்னால ஒயரு மாறியிருந்தா, கதவைத் தொறந்தாலும் மிஷின் நிக்காது.

— அவரு கழட்டின பழைய சுவிட்சு நான் வேலை பாக்கற ஸ்டோர்ல இருக்குது. பழசைக் கொண்டாந்து போட்டாத்தான் நாங்க புதுசுக்கு ஆர்டர் போடுவோம். நான்தான் சீட்டுக் கட்டி ரேக்குல வெச்சேன். அவரு மாட்டினது எங்க?

— பிரஸ்ஸுலயேதான். விசாரணைன்னு மிஷினுக்குச் சீல் வச்சிருக்காக. என் கையெழுத்து விழுந்ததும் சீலைப் பிரிச்சு, மத்தியானமே ஓட்டணுமாம். ஆனந்துன்னு புது டிரெயினி ஒருத்தனுக்குப் பிரஸ்ஸைக் குடுத்திருக்காக.

— அதே சுவிட்சோடவா?

— அதே சுவிட்சோடத்தான்.

— நானே தப்பா நெனைச்சிருந்தா? ரெண்டுலயும் ஒயரு ஒரே மாதிரி இருந்தா?

— இருந்தா அப்பக் கையெழுத்துப் போடுறேன். பாக்காமப் போட மாட்டேன். நோட்டை எடு தாயி. எழுது.

— "நாளை செய்ய வேண்டியது. காலை ஷிஃப்டில் நுழைந்ததும் ரேக்கிலிருந்து பழைய சுவிட்சை எடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ரத்தினவேல் அண்ணனோடு பெர்சனல் ஆபீஸ் போக வேண்டும். படத்துக்குப் பதிலாக, கம்ப்யூட்டரின் இரண்டு பிளக்கையும் மேஜை மேல் வைக்க வேண்டும். எல்லார் முன்னாலும் பிரஸ்ஸின் ஒயரைப் பார்க்கும்வரை கையெழுத்துக் கிடையாது. ஆனந்தைக் கதவைத் தொட விடக் கூடாது."