கப்டனின் தூணில் ஒரு மெழுகுதிரி

கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் இங்கிலாந்தில் மகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அங்க ஒரு மலை உச்சியில கல்லுத்தூண் ஒண்டு நிக்குது. அதுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"அது சேர்ச்சோ, அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. அந்தக் காலத்தில கப்பலில போய், ஊர்பேர் தெரியாத கரையளையெல்லாம் வரைபடத்தில கீறின ஒரு கப்டனுக்குக் கட்டினது."

"அவருக்கு ஏன் கொளுத்தினியள்?"

"என்ர தம்பி அவுஸ்திரேலியாவுக்கு எண்டு வள்ளத்தில வெளிக்கிட்டவன். இண்டைக்குவரை ஒரு சேதியும் இல்லை. மாதாட்ட எவ்வளவோ மன்றாடிப் போட்டன். இந்த மனுசனுக்குக் கரையெல்லாம் தெரியும்தானே? அவன் எந்தக் கரையில ஏறினவன் எண்டு கேட்டுப் பாத்தன்."

இளையவர் ஏற்கெனவே மணியடித்திருந்தார். பஸ் நின்று கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை.