லாரன்ஸ் அண்ணாச்சியின் மொட்டைமாடிப் படம்

பதில் வரலை... சர்வர் தூங்குது... கேட்டா அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றாங்க... காலையிலேருந்து இந்த மேடையில இதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க? நியாயம். சோலார் பேனல் மாட்டுறவங்க சங்கத்துக்கு வந்து, கோபப்படாதீங்கன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? தாராளமா கோபப்படுங்க. ஆனா என்கிட்ட ஒரு குட்டிக் கதை இருக்கு. அதைக் கேட்டுட்டு அப்புறமாக் கோபப்படுங்க.

தூத்துக்குடியில பேச்சிமுத்துன்னு ஒரு தம்பி. உங்களை மாதிரி பேனல் மாட்டுற ஆளு. மானியத் திட்டத்துல லாரன்ஸ் பர்னாந்துங்கிறவர் வீட்டு மொட்டைமாடியில பேனல் மாட்டினான். மீட்டர் வந்துடுச்சு. ஃபேன் ஓடுது. வேலை முடிஞ்சுதா?... முடிஞ்சுடுமா? அரசாங்கத் திட்டமாச்சே!

மானியம் வரணும்னா ஒரு படம் அனுப்பணும். விண்ணப்பிச்சவர் பேனல் பக்கத்துல இருக்கிற மாதிரி, மாடியிலேயே எடுத்த படம். சுலபம்தானே? சுலபம்தான்... அவரால மாடி ஏற முடிஞ்சா.

லாரன்ஸ் அண்ணாச்சி துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். வேலை பாத்த காலம் பூரா உசரத்துலயே உக்காந்திருந்த மனுஷன். கீழே கப்பல், எதிர்ல கடல். ரிட்டயர் ஆன கையோட பக்கவாதம் வந்துடுச்சு. இடது கை மட்டும்தான் அவர் சொன்ன பேச்சைக் கேக்கும். அன்னைக்கு உள் ரூம்ல படுத்தவர்... அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அவர் பாத்ததெல்லாம் என்ன தெரியுமா? ஃபேன். கரண்ட் இருந்தா ஓடுற ஃபேன், கரண்ட் போனா ஓடாத ஃபேன். வேற ஒண்ணும் இல்லை.

பேச்சிமுத்து என்ன பண்ணினான்? அவர் சம்சாரம் ரெஜினாம்மாவை பேனல் பக்கத்துல நிக்க வெச்சுப் படம் எடுத்து அனுப்பினான். திரும்பி வந்துடுச்சு. விண்ணப்பதாரர் படத்தில் இல்லையாம். மின்வாரிய ஆபீஸுக்கு ஓடினான். அவரால நடக்க முடியாதுங்கன்னு எடுத்துச் சொன்னான். அங்கே இருந்தவரும் நல்ல மனுஷன்தான்... பாவமா ஒரு பார்வை பாத்துட்டு, கம்ப்யூட்டர் ஒத்துக்காதேப்பான்னார். கரண்ட் இணைப்பை அந்த அம்மா பேருக்கு மாத்திட்டு, முதல்லேருந்து விண்ணப்பிக்கலாம்னார். முதல்லேருந்து... இந்த வார்த்தையை நீங்க எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? சிரிக்கிறீங்க. சிரிங்க, வேற என்ன பண்றது.

கடைசியில பேச்சிமுத்து கூட வேலை பாக்குற நாலு பேரைக் கூட்டிட்டு வந்தான். அண்ணாச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு, பேனல் ஏத்துற கயித்தால நாற்காலியோட சேத்துக் கட்டினாங்க. குறுகலான படி. கீழே ரெண்டு பேரு, மேலே ரெண்டு பேரு. அப்ப அந்த இடது கை மெல்ல எழுந்துச்சு. தூக்கு... நிறுத்து... கொஞ்சம் சாய்... விரலாலேயே சொல்றார். அவர் கிரேன்ல இருந்தப்ப, கீழே நின்னவங்க அவருக்குக் காட்டின அதே சைகை. நாலு பேரும் அந்தக் கையைப் பாத்துப் பாத்தே ஏறினாங்க.

மேல வந்தாச்சு. பேச்சிமுத்து போனை நீட்டி, அண்ணாச்சி இங்க பாருங்க, இங்க பாருங்கங்கிறான். பாப்பாரா? மாடிகளுக்கு அந்தப் பக்கம் துறைமுகம் தெரியுது. கிரேன் ஒண்ணு மெதுவாத் திரும்புது... அவர் கண்ணும் அதோட சேந்து திரும்புது. கன்னத்துல தண்ணி வழியுது. சரின்னு கிடைச்ச வரைக்கும் எடுத்து அனுப்பினான்.

திரும்பி வந்துடுச்சு. முகம் தெளிவா இல்லையாம்.

பேச்சிமுத்து தலையில அடிச்சுக்கிட்டான். மறுபடி அந்த நாலு பேரு, மறுபடி நாற்காலி. உள்ளே போய்ப் பாத்தா... அண்ணாச்சி முகம் மழிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பினவர் மாதிரி உக்காந்திருக்கார். ஏத்தினாங்க. கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியா முகத்தைத் திருப்ப வெச்சான். படம் பளிச்சுனு விழுந்துச்சு. இறக்கப் போறப்ப அண்ணாச்சி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, குழறின வாயால கேட்டார்:

"தம்பி... இதையும்... திருப்பி அனுப்புவாங்களா?"

பயந்து கேக்கறார்னு நெனச்சுட்டான் பேச்சிமுத்து. "இல்ல அண்ணாச்சி, இந்தத் தடவை கண்டிப்பா ஏத்துக்குவாங்க. கவலையே படாதீங்க."

அண்ணாச்சி முகம் வாடிப் போச்சு.

...புரியுதா உங்களுக்கு? நம்ம எல்லாரும் ஏத்துக்கணும், ஏத்துக்கணும்னு ஏங்குறோம். திருப்பி அனுப்ப மாட்டாங்களான்னு ஏங்கினவர் அவர் ஒருத்தராத்தான் இருப்பார்.

படம் பாஸாயிடுச்சு. மானியமும் வந்துடுச்சு. அந்த வீட்ல பேச்சிமுத்துக்கு இனி வேலை கிடையாது. ஆனா அந்த வாடின முகம் அவனை விடலை. அடுத்த ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல பூசை முடிஞ்ச நேரம், அதே நாலு பேரோட வந்து வாசல்ல நின்னான். "அண்ணாச்சி, படம் திரும்பி வந்துடுச்சு. இன்னொண்ணு எடுக்கணுமாம்."

ரெஜினாம்மா திகைச்சுப் போயிட்டாங்க. மானியம் வந்த மெசேஜ் அவங்க போன்லயே இருக்கு. முந்தின நாள்தான் அவருக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க. அதைச் சொல்ல வாயைத் திறந்தாங்க. அண்ணாச்சி இடது கையைத் தூக்கினார்... நிறுத்துங்கிற சைகை. அப்புறம் மெதுவாச் சொன்னார்:

"ரெஜினா... வெள்ளைச் சட்டை."

மேடையில இருக்கிற மின்வாரியப் பொறியாளர் ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ஆளு மாடியில இருக்கணும்னு விதி எழுதுறீங்களே, அவர் எப்படி ஏறுவார்னு எழுதுறதுக்கு முன்னால ஒருத்தராவது கேட்டீங்களா? முடியாதவங்க வீட்டுக்கு நாங்களே வந்து பாத்துக்கறோம்னு ஒரு வரி சேத்தா, இந்தப் புள்ளைங்க இவ்வளவு அலைய வேண்டியதில்லையே.

தம்பிகளே, உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு. நீங்க எதுக்குக் காத்திருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும், காலையிலேருந்து மைக்லயே சொல்லிட்டீங்க. ஆனா நீங்க மாட்டின பேனலுக்கு நேர் கீழே படுத்திருக்கிறவர் எதுக்குக் காத்திருக்கார்... அது யாருக்குத் தெரியும்? வெயிலை வீட்டுக்குள்ள கொண்டு வர்றதுதான் உங்க தொழில். அந்த வீட்டு ஆளை ஒரு நாள் வெயிலுக்குக் கொண்டு போங்க. ஏன்டா தூக்குறீங்கன்னு கேட்டா...

படம் திரும்பி வந்துடுச்சுன்னு சொல்லுங்க.