அறைக்கு வெளியே வைத்தவை

கம்ப்யூட்டர் அறைக்குள் போவதற்கு முன்னால் சிலுவைராஜ் காலணியைக் கழற்றினான். வலது காலுறையில் ஓட்டை. கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அதை ஆட்டிக் காட்டிச் சிரித்தான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதடா லாசர். புதுசு எடுத்து வச்சிருந்தாங்க, நான்தான் போட மறந்துட்டேன்."

சொல்ல மாட்டேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அது 1984. பாலிடெக்னிக்கில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கம்ப்யூட்டர் கிளப் ஒரு போட்டி வைத்தது. இரண்டு பேர் ஒரு குழு. சனிக்கிழமை காலையில் ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். அதற்கான புரோகிராமை எழுதி, ஞாயிறு மாலைக்குள் ஃபிளாப்பியில் ஏற்றி ஒப்படைக்க வேண்டும். எனக்கும் அவனுக்கும் அதுதான் முதல் போட்டி.

அந்த நாளில் கம்ப்யூட்டர் அறை கோயில் மாதிரி. காலணியும் பையும் வெளியே அடுக்கில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். மெஷின்களுக்காகக் குளிரைக் கூட்டி வைத்திருப்பார்கள். அறையைப் பார்த்துக்கொண்ட அஹமது கபீர் அண்ணன் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் சொல்வார்: "தூசி, தண்ணி, ஸ்ப்ரே. மூணும் மெஷினுக்கு எமன். சென்ட் அடிச்சுக்கிறவன் வெளியவே அடிச்சுட்டு வா." விதிகளை நான் போடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா நான் குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அப்பா கப்பலில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் மாமாவின் தகரக்கூரை வீட்டில் வளர்ந்தேன். அங்கே என்னை யாரும் அடித்ததில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை. சாப்பாடு மேசையில் மூடி வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பாலிடெக்னிக்கில் முதல் நாள் சிலுவைராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேறு இடம் காலியாக இல்லாததால்தான் உட்கார்ந்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தான்.

போட்டிக்குப் பழகிய நாட்களில் மெஷின் முன்னால் உட்கார எங்களுக்குக் கிடைத்த நேரம் குறைவு. அதனால் பஃபலோ ரோட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்மேசையில் உட்கார்ந்து, தே தாரிக் டீ ஆற ஆற, புரோகிராமைத் தாளில் எழுதிக்கொள்வோம். பிறகு மெஷின் முன்னால் நான் வரி வரியாக வாசிப்பேன், அவன் தட்டுவான். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவன் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்று காத்திருக்கும். அதுவரை என் குரலுக்காக யாரும் காத்திருந்ததில்லை.

சனிக்கிழமை முதல் நாள் முடிந்ததும் தஞ்சோங் பகாரில் இருந்த அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், இறந்துவிட்டார். அம்மா பிரிஜட் மட்டும்தான். மீன் குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டே திட்டினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசைய விட்டுட்டுப் பெட்டிய தட்டப் போறீங்களா ரெண்டு பேரும்? விளங்கிடும்."

"பெட்டி இல்லம்மா, கம்ப்யூட்டர்லா," என்றான் அவன்.

"எதா இருந்தா என்ன? சேசு உக்காந்து தட்டுவாரா அதுல?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். காலையில் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவனுக்கு ஏசி குளிரு ஒத்துக்காதுப்பா, இழுப்பு வந்துடும். இன்ஹேலர பையில சைடு பாக்கெட்ல வச்சிருக்கேன். நீ பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஞாயிறு மதியம் கேண்டீனில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேறு குழுவிலிருந்த பாலகிருஷ்ணன் தட்டோடு எங்களைக் கடந்து போனான்.

"என்னலா, புருஷன் பொண்டாட்டி சாப்பிட்டாச்சா?"

மேசையெல்லாம் சிரித்தது. சிலுவைராஜும் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான்.

"அடுத்த போட்டிக்கு பாலா என்னை அவன் டீமுக்குக் கூப்பிடுறான்டா."

"ம்."

"நீயும் வேற யாரயாச்சும் பாரு. எப்பவும் ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கு?"

சரி என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கோபத்தில் செய்கிறவன் நான் இல்லை.

பிற்பகலில் அவனுக்கு இழுப்பு தொடங்கியது. முதலில் இருமல், பிறகு நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

"லாசர், பையில இருக்குடா. எடுத்துட்டு வா, வாசல்ல நின்னு அடிச்சுக்கிறேன்."

வெளியே போனேன். அவன் பையின் பக்கப் பாக்கெட்டில் அது இருந்தது. நீல நிறம். கையில் எடுத்தபோது, இது இல்லாவிட்டால் இவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் நான் தேவைப்படுவேன் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

"இல்லடா. அம்மா வைக்க மறந்துட்டாங்க போல."

அவன் என்னை நம்பினான். என்னை எல்லாரும் நம்புவார்கள். கொஞ்ச நேரத்தில் கடைசி ஒரு மணி நேரத்துக்கான மணி அடித்தது. அதற்குப் பிறகு அறையை விட்டு வெளியே போனால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நான் தோளில் கை வைத்தேன். "இவ்வளவு தூரம் வந்துட்டோம்டா. நீ வாசி போதும், நான் தட்டுறேன்" என்றேன். தோள் எலும்பு என் உள்ளங்கையில் ஏறி ஏறி இறங்கியது.

அவன் வாசித்தான். ஒரு வரியை நாலைந்து இடத்தில் உடைத்து வாசித்தான். முதல்முறையாக என் விரல்கள் அவன் குரலுக்காகக் காத்திருந்தன. எனக்கு அவசரமே இல்லை. அந்த நிம்மதியை அதற்குப் பிறகு நான் எங்கும் அனுபவித்ததில்லை.

பிறகு அவன் வாசிக்கவில்லை. தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டான். மீதி வரிகள் எனக்கு மனப்பாடம்தான்.

கபீர் அண்ணன் சுற்றி வந்தார்.

"என்ன தம்பி, இவரு படுத்துட்டாரு?"

"தூக்கம்லா அண்ணே. ராத்திரி சரியா தூங்கல."

"பாவம், குளிருது பாரு" என்று தன் சட்டைமேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவன் முதுகில் போர்த்தினார். நல்ல மனிதர். பிரிண்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. நெஞ்சின் விசில் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். இழுப்பு அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஃபிளாப்பியில் எங்கள் இருவர் பெயரையும் எழுதி ஒப்படைத்துவிட்டு வந்து, அவனை எழுப்பத் தோளைத் தொட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பையில மருந்து இருந்துச்சேப்பா?"

"இல்லம்மா. நான் நல்லா தேடினேன்."

அவர் வெகுநேரம் யோசித்தார். "அப்ப நான்தான் வைக்கல. வச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். அந்த வாக்கியத்தை அவர் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் சொன்னார், சோறு வடிக்கும்போது, ஜெபமாலை சொல்லும்போது நடுவில் நிறுத்தி. நான் ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொன்னேன். "மறக்கிறது மனுஷ இயல்புதானேம்மா. உங்க மேல தப்பில்ல." இதைச் சொல்ல அவருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

அடுத்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஞாயிறு பூசையைத் தவறவிட்டதைச் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். மனம் லேசாக இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் என் துணிமணியோடு தஞ்சோங் பகாருக்கு வந்துவிட்டேன். அம்மாதான் வரச் சொன்னார். அவன் கட்டில், அவன் அலமாரி. வேலை, சம்பளம் எல்லாம் அவருக்காகத்தான். கோயிலில் புதிதாக வருகிறவர்களிடம் "என் மகன்" என்று அறிமுகப்படுத்துவார். அவரைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்று நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தாய்க்குப் பெற்ற மகன் செய்கிறதைவிட நான் குறைவாக எதுவும் செய்யவில்லை. பங்குக் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன மாதம் அம்மா இறந்தார். கடைசி நாட்களில் நினைவு தப்பியிருந்தது. அப்போதும், "பாக்கெட்ல வச்சேன், வச்சேன்ல?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "மறந்துட்டீங்கம்மா, பரவாயில்ல" என்றேன். மகன் இடத்தில் நின்று முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன்.

இப்போது இந்த வீட்டில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை. அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது. நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது எதுவும் வீணாகவில்லை என்று காட்டத்தான் எழுதினேன். இன்ஹேலர் அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. நீலம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. குலுக்கினால் உள்ளே மருந்து அசைகிற சத்தம் இன்னும் கேட்கிறது.