அடியில்லாத கூடை

வெள்ளைக்காரன் காலம். மலைமேல் செம்மேட்டுச் சந்தையில் உப்புக்கு நின்றோம். எனக்கு முன்னால் ஒரு அம்மா, அவருக்கு முன்னால் அவருடைய அண்ணன். அண்ணன் மகளைத் தன் மகனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார் அந்த அம்மா. "அடியில்லாத கூடையா?" என்று அண்ணன் கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது.

"ஆமாங்கண்ணா. கோயமுத்தூர் மில்லுல அவனுக்குப் பந்து ஆடத்தான் சம்பளம். பந்தைத் தூக்கி அந்தக் கூடைக்குள்ள போடோணும்."

"போட்டா கீழ விழுந்துருமே."

"விழுந்தா மறுபடியும் போடோணுமாம். எனக்கு மனசு கேக்கலீங்க. மூங்கில்ல அடி வெச்சு நல்லதா ஒண்ணு முடைஞ்சு குடுத்தனுப்புனேன். அதுல அழுக்குத் துணி போட்டு வெச்சிருக்கானாம்."



"இந்த வேலை எத்தனை நாளைக்கு, அம்மிணி?"

"முட்டி நல்லா இருக்கற வரைக்குமாம். முப்பது வயசுக்கு மேல யாரும் ஆடறதில்லீங்களாம்."

"அப்புறம்?"

"மலைக்கே வந்துருவான்."

வரிசை நகர்ந்தது. அண்ணன் நகரவில்லை.

"கூடை எவ்வளவு ஒசரத்துல இருக்கும்?"

"ஏணி வெச்சுத்தான் கட்டுனாங்களாம். இவன் எம்புனா கை எட்டிருதுங்க."

அவர் அண்ணாந்து, சந்தையோரத்துப் பலாமரத்தில் ஏறியிருந்த, ஏணி வைத்தே பறிக்கவேண்டிய மிளகுக் கொடியைப் பார்த்தார். பார்வை முதல் கிளை வரை போய் நின்றது.

"தையில பரிசம் போட்டுக்கலாம். ஆனா முட்டி கெடறதுக்கு முன்னாலயே வந்துரச் சொல்லு."